தாழ்மையின் மொழி: மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் வாழ்வும் தமிழ்ப்பணியும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) அறிவியல் தமிழின் முன்னோடியாகத் தமிழ் ஆய்வுலகில் அறியப்படுபவர். அவர்தம் நூல்களும் கலைச்சொற்களும் ஆராயப்பட்ட அளவுக்கு, அவற்றுக்குப் பின்னிருந்த சமய உந்துதல் ஆராயப்படவில்லை. கிறீனின் வாழ்வை அவர் மேற்கொண்ட முடிவுகளின் வழியே தொடர்ந்து நோக்கி, தன்னல மறுப்பு என்னும் கிறிஸ்தவ விழுமியம் அவரது மொழிக் கொள்கையில் எவ்வாறு செயல்வடிவம் பெற்றது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கிறீன், மானிப்பாய், மருத்துவத் தமிழ், மொழிபெயர்ப்பு, கலைச்சொல், கிறிஸ்தவத் தொண்டு, தாழ்மை.

முன்னுரை

மேலைநாட்டுச் சமயத் தொண்டர்களின் தமிழ்ப்பணி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இருவகையாக அமைகின்றன. சமய நோக்கத்தைப் பின்தள்ளித் தமிழ்த்தொண்டை மட்டும் போற்றுவன ஒருவகை. தமிழ்த்தொண்டு முழுவதையும் மதமாற்றத்தின் கருவியாகச் சுருக்குவன மற்றொருவகை. முன்னதில் தொண்டரின் நம்பிக்கை மறைந்து போகிறது. பின்னதில் தொண்டே மறைந்து போகிறது. கிறீனைப் பொறுத்தவரை இவ்விரு அணுகுமுறைகளும் போதா. அவர் தம் சமய நோக்கத்தை ஒருபோதும் மறைத்தவர் அல்லர். ஆயினும் அந்நோக்கம் அவரை ஏன் தமிழில் மருத்துவம் கற்பிக்கும் கடினமான பாதைக்குக் கொண்டு சென்றது என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாகும்.

கிறீனின் கடிதங்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் எபனேசர் கட்லர் தொகுத்து 1891-இல் வெளியிட்டார். ஈழத்துக் கவிஞர் அம்பி, கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலின் வழி அவரைத் தமிழுலகுக்கு மீள அறிமுகம் செய்தார். இத்தகைய முயற்சிகளால் தெரியவந்த வாழ்க்கைச் செய்திகளைக் காலவரிசையில் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

குடும்பமும் கல்வியும்

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். கிறீன் ஹில் என்பது அவர்கள் குடும்பப் பண்ணையின் பெயர். தந்தையார் வில்லியம் எலைஜா கிறீன் வழக்கறிஞர். முன்னோர் பலர் அப்பகுதியில் பெயர்பெற்ற மருத்துவர்களாக விளங்கினர். பிள்ளைகள் பலர் கொண்ட பெருங்குடும்பம் அது. தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் மையப் பூங்கா உருவாக்கத்திலும், பல பகுதிகளை ஒன்றிணைத்துப் பெருநகரமாக்கிய முயற்சியிலும் முதன்மைப் பங்காற்றியவர். ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறந்தோருள் ஒருவர் உலகப் பெருநகர் ஒன்றின் வரலாற்றில் இடம்பெற்றார். மற்றவர் பனந்தோப்புகளும் தோட்டங்களும் சூழ்ந்த யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றைத் தம் வாழ்நாள் களமாகக் கொண்டார். இருவர்க்கும் வாய்ப்புகள் ஏறத்தாழ ஒன்றே. கிறீனின் வறுமையோ வழியின்மையோ அவரைக் கடல் கடக்கச் செய்யவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷன் சங்கத்தின் மருத்துவராகச் செல்ல முன்வந்தார். நோய் தீர்த்தலைக் கிறிஸ்துவின் பணிகளுள் ஒன்றாகக் காட்டும் நற்செய்தி நூல்களின் வழியில், மருத்துவத்தைத் தம் அழைப்பாக அவர் கருதினார்.

யாழ்ப்பாணத்தின் சூழல்

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816-இல் பணி தொடங்கியது. மருத்துவத் தொண்டர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் நோயாளரைக் கவனித்தார். அவர் சென்னைக்குப் பெயர்ந்த பின் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் அப்பணியை ஏற்றிருந்தார். அவருக்குப் பின்வந்தவராகக் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர், 1848-இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார்.

அவர் வந்து சேர்ந்த மண் மருத்துவம் அறியாத மண்ணன்று. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் தோன்றிய நிலம் அது. ஊர்தோறும் பரியாரியாரும் மருத்துவிச்சியரும் இருந்தனர். சமயத்துறையிலும் அது விழிப்பு மிக்க காலம். கிறீன் பிறந்த அதே 1822-இல் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாயில் பணிதொடங்கிய 1848-ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் சமயப் பரப்புரைக்கு எதிரான அறிவார்ந்த எதிர்ப்பு உருப்பெற்றுக் கொண்டிருந்த வேளையில்தான் கிறீனின் பணி தொடங்கியது. ஐயத்தோடு நோக்கப்படும் நிலையில் ஓர் அயலவர் செய்யும் தொண்டு அதன் செயலால் மட்டுமே நிலைபெற வேண்டியிருந்தது.

கிறீனின் மருந்தகத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் நோயாளர் வந்தனர். அறுவை மருத்துவம் தேவைப்பட்டோர், வாந்திபேதியால் பாதிக்கப்பட்டோர், பிள்ளைப்பேற்றில் இடர்ப்பட்டோர் எனப் பலவகையினரை அவர் கவனித்தார். மருந்தகத்தில் கூடியோர் முன் வேத வாசிப்பும் செபமும் நிகழ்தல் மிஷன் மருந்தகங்களின் வழக்கம். மானிப்பாயும் அதற்கு விலக்கன்று. மருத்துவத்தைச் சமயத்திலிருந்து பிரித்துக் காணும் எண்ணம் கிறீனுக்கு இல்லை.

தன்னைத் தேவையற்றவராக்கும் பணி

ஒரு மருத்துவர் எத்துணை உழைத்தாலும் அவரால் காணத்தக்க நோயாளர் தொகைக்கு எல்லை உண்டு. இதனை உணர்ந்த கிறீன் மானிப்பாய்க்கு வந்த 1848-ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் முறையான மேலை மருத்துவக் கல்வியின் தொடக்கம் இதுவெனலாம். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி 1870-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகள் முன்னரே மானிப்பாயில் உடற்கூறும் அறுவையும் பயிற்றப்பட்டன.

தொடக்கத்தில் பயிற்சி ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. அதற்குரிய மாணவரை வட்டுக்கோட்டைச் செமினரி உருவாக்கிக் கொண்டிருந்தது. 1823-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை போன்றோர் பயின்ற உயர்கல்விக் கூடமாகும். 1855-இல் அது மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி இளைஞரைச் சமயப் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் ஆயத்தம் செய்வதைவிட அரசு ஊதியத்துக்கே ஆயத்தம் செய்கிறது என்னும் கருத்து மிஷன் தலைமையில் வலுப்பெற்றிருந்தது. தாய்மொழி வழிக் கல்வியை வற்புறுத்தும் கொள்கை மேலோங்கியது.

கிறீனின் மொழி முடிவை இப்பின்னணியில்தான் காண வேண்டும். ஆங்கிலம் கற்ற மருத்துவ மாணவர் நல்லூதியம் தேடித் தொலைவிடங்களுக்குச் செல்ல, கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றி நின்றன. தமிழில் பயின்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களிடையே பணிபுரிவார் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆகவே அவரது தமிழ்வழிக் கல்வியைத் தமிழ்ப்பற்று ஒன்றாலேயே விளக்குதல் பொருந்தாது. மிஷனின் கொள்கை, செமினரி மூடப்பட்டமை, பயிற்சி பெற்றோர் ஊரில் தங்க வேண்டும் என்னும் நடைமுறைத் தேவை ஆகிய மூன்றும் அதில் கலந்துள்ளன.

ஆயினும் இக்காரணங்கள் ஒன்றை விளக்கவில்லை. தாய்மொழி வழிக் கல்வியை விதித்த மிஷன், நவீன மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கித் தருமாறு கிறீனைக் கட்டாயப்படுத்தவில்லை. செமினரி மூடப்படுவதற்கு முன்பே அவர் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தார். ஆங்கிலத்தில் கற்பிக்கும் வரை ஆசிரியர் மேலே நிற்கிறார். மாணவர் அவரது மொழிக்கு ஏறிவர வேண்டும். தமிழில் கற்பிக்கும்போது ஆசிரியரே மாணவராகிறார். சொல்லுக்குச் சொல் தம் மாணவரையும் உதவியாளரையும் சார்ந்து நிற்கிறார். தமக்குக் கைவந்த மொழியின் அதிகாரத்தைத் துறந்து பிறர் மொழிக்குள் இறங்கிவருதல், சீடரின் பாதங்களைக் கழுவிய குருவைத் தம் முன்மாதிரியாகக் கொண்ட ஒருவர்க்கு இயல்பான செயலாக அமைந்தது. தமக்குப்பின் தாம் தேவைப்படாத நிலையை உருவாக்குவதே அப்பணியின் குறிக்கோளாகவும் இருந்தது.

உடல்நலக் குறைவால் 1857-இல் தாயகம் திரும்பிய கிறீன், 1862-இல் மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸை மணந்து, அவ்வாண்டிலேயே மீண்டும் யாழ்ப்பாணம் புறப்பட்டார். மீண்டுவந்த பின் மருத்துவப் பயிற்சி தமிழில் நடைபெற்றது. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டவர் ஆவர். அவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

நூல்களும் கலைச்சொற்களும்

கிறீன் தாமே மொழிபெயர்த்தும், தம் மாணவரைக்கொண்டு மொழிபெயர்ப்பித்துத் திருத்தியும் வெளியிட்ட நூல்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டவை. கால்வின் கட்டரின் நூல் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் முப்பொருளும் அடங்கியதாக 1850களில் தமிழில் வந்தது. மான்செலின் நூல் பிரசவ வைத்தியம் என்னும் பெயரில் 1857-இலும், துரூயிட்டின் அறுவை நூல் இரணவைத்தியம் என்னும் பெயரில் 1867-இலும் வெளிவந்தன. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதமாகவும், ஹூப்பரின் மருத்துவக் கையேடு வைத்தியாகரமாகவும் 1872-இல் தமிழுக்கு வந்தன. வெல்சின் வேதியியல் நூல் கெமிஸ்தம் என 1875-இலும், டால்டனின் உடலியல் நூல் மனுஷ சுகரணம் என 1883-இலும் அச்சேறின. இவையன்றிக் கலைச்சொல் தொகுதிகளும் பொதுமக்களுக்கான சிறுநூல்களும் வெளிவந்தன.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் ஒரு படிமுறையைப் பின்பற்றினார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல், கிடைக்காதவிடத்து வடமொழியை நாடுதல், அங்கும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி ஏற்றல் என்பதே அது. நூற்பெயர்களிலேயே இவ்வடுக்குகளின் தடங்களைக் காணலாம். இரணவைத்தியம் என்பதில் மக்கள் வழக்கில் ஊறிய சொற்கள் அமைந்துள்ளன. சுகரணம், உற்பாலனம் ஆகியன வடமொழிக் கூறுகளால் ஆனவை. வைத்தியாகரம் என்பது மருத்துவத்தின் சுரங்கம் எனப் பொருள்படும் தொகை. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். அங்காதிபாதம் என்னும் பெயரைக் கேட்கும் தமிழ் வாசகர்க்குப் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகைகள் நினைவுக்கு வராமல் இரா. உறுப்புகளை வரிசைப்படுத்திப் பாடிய மரபின் ஒலியைத் தாங்கியே உடற்கூற்றியல் தமிழுக்குள் நுழைகிறது.

இப்படிமுறையைத் தொடர்ந்து வந்த கலைச்சொல் விவாதங்களோடு ஒப்பிடுவோர் அதில் வடமொழிச் சார்பு மிகுந்திருத்தலைச் சுட்டுவர். அது சரியே. ஆயின் அன்றைய யாழ்ப்பாண மருத்துவ வழக்கிலும் வடசொற்கள் கலந்திருந்தன என்பதையும் கருத வேண்டும். கிறீனின் அக்கறை மொழித்தூய்மை பற்றியதன்று. நோயாளியின் படுக்கையருகில் நிற்கும் மாணவர்க்குச் சொல் விளங்க வேண்டும் என்பதே. கருதத்தக்க பிறிதொரு செய்தியும் உண்டு. இப்பெரும்பணியை அவர் தனியாளின் சாதனையாக ஆக்கிக்கொள்ளவில்லை. சாப்மன், சுவாமிநாதன், டான்ஃபோர்த் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பங்காளிகளாயினர். கற்றோரையே நூலாக்குவோராக உயர்த்திய இம்முறை, ஆசிரியர் விலகிய பின்னும் பணி தொடர வழிவகுத்தது.

உடையும் அடையாளமும்

கிறீனின் மாணவர் சிலர், மேலை மருத்துவம் கற்றதோடு மேலை உடையையும் நடையையும் மேற்கொள்ள விரும்பினர். கிறீன் அதனை ஊக்குவிக்கவில்லை. தமிழர் கிறிஸ்தவராகலாம், மருத்துவராகலாம். ஆனால் தமிழரல்லாதவராக வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஐரோப்பிய உடை அணிந்த மருத்துவரிடமிருந்து ஊர்மக்கள் விலகி நிற்பர் என்பதையும், அவ்வுடைக்கேற்ற செலவை ஈட்ட மருத்துவர் ஊரை விட்டு நீங்குவர் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

இந்நிலைப்பாட்டில் ஒரு முரண் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. மாணவர் எதை உடுத்த வேண்டும் என்பதை அயலவரான ஆசிரியர் வரையறுப்பதும் ஒருவகை அதிகாரமே. ஆங்கிலத்தின் வழி மாணவர்க்குக் கிட்டக்கூடிய சமூக உயர்வைத் தமிழ்வழிக் கல்வி மட்டுப்படுத்தியது எனவும் வாதிடலாம். மேலை மருத்துவமே உண்மையான மருத்துவம் என்னும் தம் காலத்து மிஷன் நம்பிக்கையிலிருந்தும் கிறீன் விலகியவர் அல்லர். பரியாரியார் மரபோடு அவர் நிகர்நிலையில் உரையாடினார் எனக் கூற இயலாது. தாழ்மை ஒருவரின் நோக்கத்தைத் தூய்மையாக்கலாம். அவர் காலத்தின் எல்லைகளை அது முற்றும் நீக்கிவிடுவதில்லை.

இறுதி ஆண்டுகள்

உடல்நலம் மீண்டும் குன்றியதால் 1873-இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். இருகாலப் பகுதிகளையும் சேர்த்து நோக்கின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் தமிழ் மண்ணில் வாழ்ந்திருந்தார். வூஸ்டர் திரும்பிய பின்னரும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதிலும் செப்பனிடுவதிலும் அவர் தொடர்ந்து ஈடுபட்டார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் யாழ்ப்பாணத்தில் இல்லாத காலத்தில் வெளிவந்தவை. தமிழ் பேசுவோர் இல்லாத ஓர் ஊரில் அமர்ந்து, தாம் மீண்டும் காணப்போகாத மாணவர்க்காகத் தமிழ்ச் சொற்களைத் திருத்திக்கொண்டிருந்த அவ்வாண்டுகளே அவர் நோக்கத்தின் உரைகல் எனலாம். புகழோ பதவியோ சமய வெற்றியோ அப்பணியால் அவருக்கு இனி வருவதற்கில்லை.

1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கிறீன் இயற்கை எய்தினார். தம் கல்லறையில் தம்மைத் தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்று குறிக்குமாறு அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. தம்மைத் தாம் சேவித்த மக்களின் பெயரால் அடையாளப்படுத்திக்கொண்ட அவ்விருப்பத்தில் அவர் வாழ்வின் சுருக்கம் அடங்கியுள்ளது. அவர் பணியாற்றிய மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயரில் மானிப்பாயில் விளங்குகிறது.

ஆயினும் அவர் கண்ட கனவு நீடிக்கவில்லை. அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி ஆதரவிழந்தது. அரசுப் பணியும் அரசு ஏற்பும் ஆங்கிலத்தோடு பிணைந்திருந்த சூழலில், தமிழில் கற்ற மருத்துவர்க்குரிய இடம் சுருங்கியது. கொழும்பின் ஆங்கிலவழிப் பள்ளி வளர, மானிப்பாயின் வகுப்பு வரலாறாயிற்று. நூல்கள் நின்றன, அவற்றைப் பயிலும் வகுப்பறை நிலைக்கவில்லை. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் வினா எழும்போதெல்லாம், இயலும் என்பதற்குச் சான்றாகக் கிறீனின் நூல்கள் எடுத்துக்காட்டப்படுகின்றன. இயலுமை மட்டும் போதாது, அதனைத் தாங்கும் சமூக, அரசுக் கட்டமைப்பும் வேண்டும் என்பதற்கும் அவரது பணியின் பிற்கால நிலையே சான்றாகிறது.

முடிவுரை

கிறீனின் வாழ்வை மேற்கண்டவாறு நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கிறீனின் சமய நோக்கமும் தமிழ்ப்பணியும் பிரிக்க முடியாதவை. நற்செய்தியைப் பரப்பும் விருப்பமே அவரை யாழ்ப்பாணம் கொணர்ந்தது. அந்நோக்கத்தை நீக்கிவிட்டு அவரை அறிவியல் தமிழறிஞராக மட்டும் காண்பது அவரைத் திரித்துக் காண்பதாகும்.

இரண்டாவது, அவரது தமிழ்வழி மருத்துவக் கல்வி மிஷன் கொள்கை, நடைமுறைத் தேவை, தனிமனித அர்ப்பணிப்பு ஆகியவற்றின் கூட்டு விளைவு. கொள்கை அதற்கு வாயில் திறந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதனை நிறைவேற்றியது அவரது உழைப்பு.

மூன்றாவது, கிறிஸ்தவ மரபு போற்றும் தாழ்மை என்னும் விழுமியம் கிறீனிடம் கற்பிக்கும் மொழியிலும் நூலாக்க முறையிலும் வெளிப்பட்டது. தம் மொழியின் அதிகாரத்தைக் கைவிட்டமை, மாணவரைப் பங்காளியாக்கியமை, தாயகம் திரும்பிய பின்னும் பயன் கருதாது திருத்தப்பணி தொடர்ந்தமை ஆகியன அதன் அடையாளங்கள்.

நான்காவது, கிறீனின் கலைச்சொற்களுள் எவை சித்த மருத்துவ நூல் வழக்கிலிருந்து கொள்ளப்பட்டவை, எவை அவராலும் மாணவராலும் புதிதாக ஆக்கப்பட்டவை என்பது பரராசசேகரம் போன்ற ஈழத்து மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது. அவ்வாய்வு நிகழுமாயின், கிறீனுக்குப் பெயர் தெரியாத பரியாரியார் பலரும் அவர் நூல்களின் உடனாசிரியர் என்பது புலப்படக்கூடும். தம் பெயரை முன்னிறுத்தாத அம்மருத்துவர்க்கு அதனினும் பொருத்தமான சிறப்பு வேறில்லை.